கௌசிக்கு, மூணாவது ஷை பத்தி

அன்பு மகள் கௌசிக்கு,

காலையில நீ போன்ல கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. வத்தேகம சந்தையில, ஒரு கையில போஞ்சி, மறு கையில மீன் பை, நடுவுல நின்னுக்கிட்டு இருக்கிறவகிட்டயா இப்படி ஒரு கேள்வியைக் கேட்பே? "அம்மா, நான் தேர்ட் ஷை எடுத்தா உங்களுக்கு வெட்கமா இருக்குமா?"ன்னு கேட்டே. நான் "ஹலோ, ஹலோ, ஒண்ணும் விளங்கல, சிக்னல் இல்ல"ன்னு சொல்லி வச்சுட்டேன். நல்லா விளங்கிச்சு. வத்தேகம டவுன்ல சிக்னலுக்கு என்னடி குறை? கொஞ்ச நேரத்துல உன்னோட மெசேஜ் வந்துச்சு: "போன்ல நீங்க என்னைப் பேச விடமாட்டீங்க. எழுதி அனுப்புங்க, ஆறுதலா வாசிக்கிறேன்." சரி, எழுதுறேன். ஆறுதலா வாசிக்கிறது உன் பாடு. ஆறுதலா எழுதுறதுக்கு எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் எழுதுறதுக்குள்ள ரெண்டு தரம் எழுந்து போய் வாசலைப் பார்த்துட்டு வந்துட்டேன். யார் வரப்போறாங்கன்னு எனக்கே தெரியல.

உங்கப்பா தேயிலை பெக்டரியில இருந்து வந்து, தேத்தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு, என் தோளுக்கு மேல எட்டி எட்டிப் பார்க்கிறாரு. பார்க்கட்டும். இது ஒளிச்சு வாசிக்கிற கடுதாசி இல்ல. நீ குண்டசாலையில தங்கியிருக்கிற வீட்டுச் சித்திக்கும் வாசிச்சுக் காட்டு, உன் கூட்டாளி ரஞ்சனிக்கும் காட்டு. சின்ன ஸ்கூல்ல படிச்சுட்டு கெம்பஸுக்குப் போகணும்னு ஆசைப்படுற எந்தப் புள்ளையோட அம்மா வந்து கேட்டாலும் நீ வேலை செய்யிற கொமியூனிகேஷன் கடையிலயே ஒரு போட்டோகொப்பி அடிச்சுக் குடு. எனக்கு ஒண்ணும் இல்ல.

கெம்பஸுக்குப் போறதுக்கான ஏஎல் சோதனையை மூணு தடவைதான் எழுதலாம். நீ ரெண்டு தடவை எழுதிட்ட. இந்த வாரத்தோட மூணாவதுக்கான விண்ணப்பம் முடியுது, அதுக்கப்புறம் கதவு இல்ல. உன் முதலாளி உன்னை நிரந்தரமா வச்சுக்கிறேன்னு சொல்றாரு. அதை எடுத்துக்கிட்டு பேசாம இருக்கிறதா, இல்ல என்ஜினியரிங்குக்காக இன்னொரு தடவை முட்டிப் பார்க்கிறதா? இதுதானே உன் பிரச்சினை? இதுல என் வெட்கம் எங்கிருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டா, நம்ம ரெண்டு பேருக்கும் கதை தெரியும். ஆனா நாம அதை ஒரு தடவைகூட உட்கார்ந்து பேசல. அதனால முதல்ல இருந்து வர்றேன், பொறுத்துக்கோ.

பதினோராம் ஆண்டு முடிஞ்சு ஓஎல் ரிசல்ட் வந்த நேரம், ஏஎல் படிக்க உனக்கு கண்டியில பெரிய ஸ்கூல்ல இடம் கிடைச்சுச்சு. நான் தோட்டம் பூரா சொல்லிட்டேன். முன்பள்ளியில என்கிட்ட படிக்கிற குஞ்சு குருமானுக்குக்கூடத் தெரியும், டீச்சரோட மகள் கண்டிக்குப் படிக்கப் போறான்னு. நீ வந்து, "நான் போகலம்மா, நான் போனா மெத்ஸ் கிளாஸை மூடிருவாங்க"ன்னே. எனக்கு வந்த கோபம் இருக்கே! நம்ம ஸ்கூல்ல மெத்ஸ் படிக்க நின்னது நாலே பேர், நீ, ரஞ்சனி, ரெண்டு பொடியன்க. அந்த மெத்ஸ் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசன், வீட்டுக்கே வந்துட்டாரு. "இஞ்ச பாருங்கோ அம்மா, நாலு பேர் இருந்தால்தான் நான் பள்ளிக்கூட அதிபரோட கதைச்சு இந்த வகுப்பை நடத்தலாம். உங்கட பிள்ளை போனா மற்ற மூண்டு பேருக்கும் வழி இல்லை. ஆனா நான் பிடிச்சு வைக்கேல்லை. நீங்கள் ஓமெண்டாலும் சரி, இல்லையெண்டாலும் சரி"ன்னாரு. நான் தேத்தண்ணியை டக்குன்னு அவர் முன்னால வச்சு, "மத்த மூணு பேருக்கும் அவங்கவங்க அம்மா இருக்காங்க சேர், நான் இவளுக்கு மட்டும்தான் அம்மா"ன்னேன். அந்த மனுசன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு குடிச்சிட்டுப் போனாரு. நீ என்னோட ரெண்டு நாள் பேசல. கடைசியில நீ நினைச்சதுதான் நடந்துச்சு. நீ நின்னது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. ஒரு நாள் பெருமையா இருக்கும், மறுநாள் காலையில எழும்பி, பாவி மகள், அன்னைக்கே போயிருந்தா இன்னேரம் முடிச்சிருப்பாளேன்னு வயிறு எரியும்.

உங்க கிளாஸ் எப்படி இருந்துச்சுன்னு நான் பார்த்திருக்கேன். ஒரு பெரிய ஹோல், நடுவுல ரெண்டு அலுமாரி. அலுமாரிக்கு அந்தப் பக்கம் மூணாம் ஆண்டுப் புள்ளைங்க வாய்ப்பாடு கத்துதுங்க, இந்தப் பக்கம் சேர் உங்களுக்கு ஏதோ நீள நீளமா வளைச்சு எழுதுறாரு. லேப்னு போர்டு தொங்குது, உள்ள கால் உடைஞ்ச கதிரைங்கதான் படிக்குதுங்க. பிசிக்ஸுக்கு டீச்சர் வருவாங்க வருவாங்கன்னு நீங்க காத்திருந்து, கடைசிவரைக்கும் யாரும் வரல. தண்ணி டேங்க்கிட்ட ஏறி நின்னாத்தான் போன் வேலை செய்யும்னு அங்க ஏறி நின்னு, யாரோ அனுப்புற நோட்ஸை இறக்கிக்கிட்டு வருவே. ஆனா ஒண்ணு சொல்லணும், சேர் உங்க நாலு பேரையும் கையெழுத்தைப் பார்த்தே பிடிச்சிருவாரு. நீ மூக்கைச் சுளிச்சா, "கௌசிக்கு விளங்கேல்லை, திருப்பிச் சொல்லுறன்"ன்னு ஆரம்பிப்பாராம். நீயே சொல்லிச் சிரிப்பே.

அந்த சேருக்கு ஒரு வருஷத்துல மாற்றம் கிடைச்சு ஊருக்குப் போயிட்டாரு. அவருக்கும் வீடு வாசல், புள்ள குட்டி இருக்கு, நான் குறை சொல்லமாட்டேன். அன்னைக்குச் சொன்னேன், அது வேற. அதுக்கப்புறம்தான் சனிக்கிழமையானா விடியறதுக்கு முன்னால முதல் பஸ், கண்டி டியூஷன். முதல் நாள் போய்ட்டு வந்து நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? "சேர் மைக்ல பேசுறாரும்மா. எனக்கு அவர் முகம் டிவியிலதான் தெரியுது. ஒரு கணக்கு விளங்கலன்னு கையைத் தூக்கினேன். யாரும் பார்க்கல. தூக்கின கையை என்ன செய்யிறதுன்னு தெரியாம தலையைச் சொறிஞ்சுக்கிட்டேன்." நாம மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். உங்கப்பா அன்னைக்கு பூரா தலையைச் சொறிஞ்சு காட்டினாரு. இப்ப அதை நினைச்சா எனக்குச் சிரிப்பு வர்றதில்ல.

முதல் ரிசல்ட் வந்துச்சு. மூணு பாடமும் பாஸ், ஆனா கெம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் ஸ்கோர் பத்தாது. கண்டி மாவட்டம்னா கண்டி மாவட்டம்தான், டவுன்ல இருக்கிற பெரிய ஸ்கூலுக்கும் அலுமாரிக்குப் பின்னால படிச்ச உனக்கும் ஒரே வெட்டுப்புள்ளி. யாருகிட்ட போய்க் கேட்கிறது? நானும் எவ்வளவோ திட்டித் தீர்த்தேன், திட்டினா ஸ்கோர் கூடுதா என்ன?

அதுக்கு மறுவாரம் ரஞ்சனி வீட்டுக்கு வந்தா. நீ குளிச்சுக்கிட்டு இருந்தே. "ஆன்ட்டி, கௌசி செகண்ட் ஷையா? நானும் செகண்ட் ஷைதான்"னா, ஏதோ கல்யாணத்துக்கு வரச்சொல்ற மாதிரி சிரிச்சுக்கிட்டு. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எவ்வளவுன்னு உனக்குத் தெரியும். ஆனா ஷை எனக்குத் தெரியும்! முன்பள்ளி டிரெய்னிங்ல முதல் வாரமே சொல்லிக் குடுத்தது. தாய் சீலைக்குப் பின்னால ஒளியிற புள்ளையைக் கூப்பிட்டு, "டோன்ட் பி ஷை"ன்னு சொல்லணும், வெட்கப்படாதேன்னு அர்த்தம். வருஷக்கணக்கா நான் தினமும் சொல்ற ஒரே இங்கிலீஷ் அதுதான். அப்ப இவ சொல்றது என்ன? செகண்ட் ஷைன்னா ரெண்டாவது வெட்கம். முதல் தடவை கிடைக்காம ஒரு வெட்கம், திரும்பப் போய் எழுதுறது ரெண்டாவது வெட்கம். கெட்டிக்காரப் புள்ளைங்க தங்களுக்குத் தாங்களே இப்படிப் பேர் வச்சுக்கிட்டுத் திரியுதுங்களேன்னு எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. "என் மகளுக்கு என்னடி வெட்கம்? உனக்கு இருந்தா உன் வீட்டுல போய்ச் சொல்லு"ன்னு பாய்ஞ்சேன். பாவம் அந்தப் புள்ள, முழிச்சிக்கிட்டுப் போயிருச்சு. நீ குளிச்சிட்டு வந்து ரஞ்சனி எங்கன்னு கேட்டே. வேலை இருக்குன்னு போயிட்டான்னேன்.

ரஞ்சனியைத் திட்டினேனே தவிர, அந்தச் சொல் என் மண்டைக்குள்ள உட்கார்ந்துக்கிச்சு. உங்க சரசு அத்தை வந்து, "கௌசி இப்ப என்ன செய்யிறா?"ன்னு கேட்டாங்க. நான் யோசிக்கவே இல்ல, வாயில வந்துருச்சு: "கண்டியில கம்பியூட்டர் கோர்ஸ் ஒண்ணு செய்யிறா மதினி." நீ உள்ரூம்ல பழைய கேள்விப் பேப்பர் செஞ்சுக்கிட்டு இருந்தே, உனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகல, வயித்துவலின்னு சொல்லிட்டேன். அத்தை வர்றது தெரிஞ்சா, "உள்ள போய்ப் படி, போ"ன்னு விரட்டுவேன். நீ புத்தகத்தை எடுத்துக்கிட்டு உள்ள போனே. படிச்சே.

பிறகு அந்தச் சனிக்கிழமை. உனக்குக் காய்ச்சல், தனியா அனுப்ப மனசில்லாம நானும் கண்டிக்கு வந்தேன். மணிக்கூட்டுக் கோபுரத்துக்கிட்ட சுவர் பூரா டியூஷன் போஸ்டர். அதுல ஒண்ணுல, கொட்டை எழுத்துல, "செகண்ட் ஷை மாணவர்களுக்கு விசேட வகுப்பு." நான் அப்படியே நின்னுட்டேன். "அடப் பாவிங்களா, ஒருத்தரோட வெட்கத்தை இப்படியா சுவர்ல ஒட்டி வைப்பாங்க?"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். நீ என்னைப் பார்த்தே, போஸ்டரைப் பார்த்தே. "என்ன வெட்கம்?"ன்னே. "ஷைன்னா வெட்கம்தானே?"ன்னேன். முதல்ல நீ சிரிச்சே. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சே, பக்கத்துல கடலை விக்கிறவரும் சேர்ந்து சிரிச்சாரு. "அம்மா, ஷைன்னா தடவைம்மா! முதல் தடவை, ரெண்டாம் தடவை. சிங்களப் புள்ளைங்களும் அப்படித்தான் சொல்லுதுங்க, எல்லாரும் சொல்றதுதான்." சிரிச்சுக்கிட்டே இருந்தவ டக்குன்னு நிறுத்திட்டு, "அப்ப இவ்வளவு நாளா கம்பியூட்டர் கோர்ஸ்னு சொன்னது இதுக்காகவா?"ன்னே. கண்ணு நிறைஞ்சிருச்சு. நான் "வா, கிளாஸுக்கு நேரமாச்சு"ன்னு உன் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனேன்.

அந்த நேரம் நான் நல்லாத் தப்பிச்சேன்னு நினைச்சேன், கௌசி. சொல்லைத் தப்பா விளங்கிக்கிட்டேன், அவ்வளவுதான், முட்டாள் அம்மான்னு நீயும் சிரிச்சு முடிச்சிருவேன்னு நினைச்சேன். ஆனா உண்மையைச் சொல்லவா? அந்தச் சொல்லே இல்லாட்டியும் நான் மறைச்சிருப்பேன். எனக்கு ஓஎல்ல கணக்கு போச்சு. திரும்ப எழுதலாம்னு எனக்கும் தெரியும். கூடப் படிச்சதுங்க மேல போயிருச்சுங்க, சின்னப் புள்ளைங்களோட போய் உட்காரணுமேன்னு நான் போகவே இல்ல. அப்படிப்பட்டவ காதுல ஷைன்னா வேற என்ன விழும்?

ரெண்டாவது ரிசல்ட் வந்த அன்னைக்கு நீ போனை என்கிட்ட நீட்டி, "அம்மா, நூலளவுலம்மா"ன்னே. கெம்பஸ்ல நீ கேட்ட எதுவுமே கிடைக்கல. ஆனா எவ்வளவு மேல வந்திருந்தே! டீச்சர் இல்லாம, தண்ணி டேங்க்கிட்ட நின்னு படிச்சு அவ்வளவு ஏறியிருந்தே. நான் அதைச் சொல்லியிருக்கணும். "பரவாயில்ல விடு"ன்னேன். அடுத்த கிழமை அத்தை வந்தப்போ, சொல்லின் அர்த்தம் நல்லாத் தெரிஞ்ச பிறகும், "கோர்ஸ் போகுது மதினி"ன்னேன். நீ கதவுக்கிட்ட நின்னு என்னைப் பார்த்தே. அந்த மாசமே குண்டசாலைக்குப் போயிட்டே. வேலைக்காகன்னு அப்பாகிட்ட சொன்னே. எனக்குத் தெரியாதா? அத்தை வர்ற நேரமெல்லாம் உள்ரூமுக்குப் போய்ப் போய் அலுத்துப்போய்த்தான் நீ போனே. இப்ப அங்க நின்னுக்கிட்டு மத்த வீட்டுப் புள்ளைங்களுக்கு பாஸ்ட் பேப்பர் போட்டோகொப்பி அடிச்சுக் குடுக்கிற. சித்தி சொன்னா, அடிக்கிறப்ப நீயும் ஒரு கொப்பி எடுத்து பேக்ல வச்சுக்கிறியாமே, சாப்பாட்டு நேரத்துல செஞ்சு பார்க்கிறியாமே. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு இருப்புக் கொள்ளல.

எழுதுறதா இருந்தா சில விஷயம் சொல்றேன், அம்மா லெக்சர் அடிக்கிறான்னு நினைக்காதே. நீ பெரிய ஹோலுக்குள்ள கரைஞ்சு போற புள்ள இல்ல. நாலு பேர்ல ஒருத்தியா, மூக்கைச் சுளிச்சா விளங்கிக்கிற ஆளுக்கு முன்னால படிச்சு வந்தவ. அதனால உன் கையைப் பார்க்கிற ஆள்கிட்டப் போ. நம்ம பழைய சேர் போகும்போது, "எப்பவும் கேக்கலாம் பிள்ளை, வெட்கப்படாதையும்"ன்னு நம்பர் குடுத்தாரே, ஒரு தடவையாவது கூப்பிட்டியா? தொந்தரவு குடுக்கக் கூடாதாம், கூச்சமாம். உனக்கு இருக்கிற உண்மையான ஷை அது ஒண்ணுதான்டி. விளங்காத கணக்கைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பு. ரஞ்சனியையும் சேர்த்துக்கோ, அவகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு, இல்ல வேணாம், நானே கேட்கிறேன். வேலையைப் பாதி நாளாக் குறைக்க முடியுமான்னு முதலாளிகிட்ட கேள். முடியாதுன்னா வீட்டுக்கு வா. உள்ரூம் இருக்கு. கதவைத் திறந்து வச்சுப் படிக்கலாம்.

எழுதுறதில்லன்னு முடிவு எடுத்தா அதுக்கும் நான் சண்டைக்கு வரமாட்டேன். கஷ்டப்பட்டு வாயை மூடிக்கிறேன். உங்கப்பாகிட்ட, "நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டேன். "நான் என்ன சொல்றது? எத்தனை தடவை எழுதினாலும் விடியக்காலம் டார்ச் பிடிச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு வரப்போறவன் நான்தானே. பெட்டரி மாத்தி வைக்கிறேன்"ன்னாரு. மாத்தியும் வச்சுட்டாரு, அந்த அவசரக்காரர்.

இப்ப இன்னைக்கு நடந்ததைச் சொல்றேன். உன் போனை வச்சுட்டு, வேர்த்து விறுவிறுத்து, வீட்டுக்கு வர பன்வில பஸ்ல ஏறினேன். இருந்த ஒரே சீட் யார் பக்கத்துல? உங்க சரசு அத்தை பக்கத்துல. நான் உட்காரலாமா நிக்கலாமான்னு யோசிக்கிறதுக்குள்ள பையைப் பிடிச்சு இழுத்து உட்கார வச்சுட்டாங்க. பஸ் கிளம்புறதுக்கு முன்னாலயே, "கௌசியோட கம்பியூட்டர் கோர்ஸ் இன்னும் முடியலியா?"ன்னு கேட்டாங்க.

"அப்படி ஒரு கோர்ஸே இல்ல மதினி"ன்னேன். "அவ ஏஎல் எழுதிக்கிட்டு இருந்தா. இப்ப தேர்ட் ஷை."

ட்ரைவர் பாட்டை அலற விட்டிருந்தாரு, அதனால நான் கத்தித்தான் சொன்னேன். சொன்ன நேரத்துக்கு அந்த மனுசன் பாட்டைக் குறைச்சுட்டாரு. முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்துச்சு. யூனிஃபோர்ம் போட்ட ஒரு பொம்பளப் புள்ள கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுச்சு, அது என்னையே பார்த்துச்சு.

"தேர்ட் ஷைன்னா என்னா?"ன்னாங்க அத்தை.

"மூணாவது தடவை. ரெண்டு தடவை எழுதினா, கெம்பஸ் கிடைக்கல. ரெண்டாவது தடவை நூலளவுல போச்சு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ?"

"இப்ப சொல்றேன்ல மதினி."

அத்தை முகத்தை வெடுக்குன்னு ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டாங்க. கோபம்தான், இருக்காதா பின்ன? பிறகு திரும்பி, "மூணாவதும் கிடைக்காட்டி?"ன்னாங்க. குத்திக் கேட்டாங்களா, கவலையில கேட்டாங்களா, எனக்குத் தெரியல. "கிடைக்காட்டி அதையும் வந்து நானே சொல்றேன்"னேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைச்சுச்சு, நீ எழுதுறேன்னு இன்னும் சொல்லவே இல்லியே! அத்தைகிட்ட வாயை விட்டதுக்காக நீ எழுதணும்னு இல்ல, கௌசி. இல்லன்னா இல்லன்னு சொல்லு, நான் மறுபடி அதே பஸ்ல ஏறி, அதே சத்தத்துல, "அவ எழுதல மதினி"ன்னு சொல்லிட்டு வர்றேன். உன் முடிவை உன் மூளையை வச்சு எடு. என் முகத்தை வச்சு எடுக்காதே.

எனக்கு வெட்கமா இருக்குமான்னு கேட்டே. இருந்துச்சு. வத்தேகமயில பஸ் ஏறுறப்ப இருந்துச்சு. பன்விலயில இறங்குறப்ப இல்ல.

அம்மா